தொப்பிக்காரருக்கு நீங்கள் கொடுத்த குரல்

அப்பா,

இன்று காலை கடையில் பெட்டிகளை அடுக்கும்போது என் முழங்கை பட்டு ஒரு பற்பசைக் குழாய் நசுங்கிவிட்டது. அந்த வாசனை எழுந்ததும் என் கை அப்படியே நின்றுபோனது. முதலாளியம்மா எட்டிப் பார்த்து, “என்னாச்சு லா, பல்லு வலியா?” என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். பற்பசை வாசனை வந்தால் எனக்குப் படம் பார்க்கும் ஞாபகம்தான் வரும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

கீறல் விழுந்த சிடியை நீங்கள் பற்பசை வைத்துத்தான் தேய்ப்பீர்கள். நடுவிலிருந்து ஓரம் வரை, நேர்கோடாக. பிறகு பழைய பனியனால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பீர்கள். பகாவ் டவுனில் படம் வாடகைக்கு விடும் கடையை மூடியபோது, யாரும் எடுக்காத ஒரு பெட்டி சிடியை நீங்கள் ஓட்டிய லோரியின் முன்சீட்டில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். எல்லாமே ஹாலிவுட்டின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்.

“தமிழ்ப் படம் ஒன்னுகூட இல்லியா? வெள்ளக்காரன் பேசுறது ஒங்களுக்கு வெளங்குமா?” என்று அம்மா கேட்டார்.

“அவன் எதுக்குப் பேசணும்? அதான் நாங்க இருக்கோம்ல” என்றீர்கள்.

டிவியின் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு, ஆண்களுக்கெல்லாம் நீங்கள் பேசினீர்கள். பெண்களுக்கெல்லாம் நான். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒரு வரி வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரலே எழும்பாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், தரை வரை புரளும் கவுன் அணிந்த ஒரு சீமாட்டி வாயைத் திறந்தால், என் குரல் தானாக வந்தது. “ஐயோ, கோழிக்குத் தீனி போட மறந்துட்டேனே” என்று அவள் மாடிப்படியில் நின்று கலங்குவாள். கையில் மதுக் கிண்ணத்தோடு ஒரு கனவான், “விடு புள்ள, தோட்டத்து மேண்டோர்கிட்ட நான் பேசிக்கிறேன்” என்பார்.

அந்த நடிகர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. நாமே பெயர் வைத்துக்கொண்டோம். கண்ணில் எப்போதும் ஒரு புள்ளி வெளிச்சம் வைத்திருந்தவள் நிலாக்கண்ணு. தொப்பியின் நிழலில் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு வருபவர் தொப்பிக்காரர். அவர்கள் சும்மா நிற்கும் இடங்களில் நீங்களும் பேசாமல் இருப்பீர்கள். ஒருமுறை நிலாக்கண்ணின் முகம் திரை முழுக்க வந்து நின்றபோது, “வாயே தொறக்கல பாரு, ஆனா எல்லாத்தையும் சொல்லிட்டா” என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்து, “பேச வரலன்னா பரவால்லம்மா. மூஞ்சிய மட்டும் கவுத்துக்காத.”

காலையில் வேலைக்கு நடக்கும்போது செம்பனை மரங்களுக்கு நடுவே பனி நிற்கும். நிறமெல்லாம் போய், எல்லாம் சாம்பலாக, வெள்ளையாக இருக்கும். அப்போது நிமிர்ந்துதான் நடக்கிறேன். யாரோ தூரத்திலிருந்து என்னைப் படம் பிடிப்பது போல் இருக்கும்.

தொப்பிக்காரரும் நிலாக்கண்ணும் சேர்ந்து நடித்த அந்த ரயில் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்போம்! நீங்கள் சொன்ன கதைப்படி அவர்கள் அண்ணன் தங்கச்சி. அண்ணன் தூர தேசத்துக்கு வேலைக்குப் போகிறார், தங்கச்சி ஸ்டேஷனுக்கு வந்து அழுகிறாள். இரண்டு முகங்களும் நெருங்கி வரும்போதெல்லாம், “இங்க கீறல்மா” என்று சொல்லி ரிமோட்டை அழுத்திவிடுவீர்கள். எவ்வளவு தேய்த்தும் அந்தக் கீறல் மட்டும் போகவே இல்லை. நானும் நம்பினேன்.

பிறகு உங்கள் சிறுநீரகம் கெட்டது. வாரத்தில் மூன்று நாள் சிரம்பானுக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அம்மா தோட்டத்தில் உரம் போடப் போனதால், பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு நான் பள்ளியை விட்டு நின்று உங்களுக்குத் துணையாக வந்தேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்கள் குரலை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. யாருடைய போனிலும் இல்லை. தொப்பிக்காரரின் உதடுகளை நினைத்தால் மட்டும் எனக்குக் கேட்கும்.

போன வாரம் அக்கா சிரம்பானிலிருந்து அழைத்தாள். “ஏய் ஊமக்கொட்டான், ஒன் தொப்பிக்காரரோட ரயில் படம் கெடச்சிருச்சு. கீழ மலாய்ல எழுத்து வருது. அனுப்பிருக்கேன், பாரு.”

மூன்று நாள் நான் திறக்கவில்லை. அவர் உண்மையில் என்ன சொல்கிறார் என்று படித்துவிட்டால், அவர் வாயில் அந்தப் பேச்சு உட்கார்ந்துகொள்ளும். பிறகு நீங்கள் எங்கே போவீர்கள்? உங்கள் குரலை இரண்டாவது தடவையும் இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

நேற்று மதியம் அம்மாதான் போனை எடுத்துத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தார். “அந்த மனுஷன் என்னதான் பாத்தாருன்னு நானும் பாக்குறேன்.”

கீறல் இருந்த இடம் வந்தது. கீறலே இல்லை. இரண்டு முகங்களும் நெருங்கி வந்து, ஒட்டிக்கொண்டு, வெகுநேரம் பிரியவில்லை. நான் சுவரைப் பார்த்தேன்.

“அண்ணன்னு சொன்னாரும்மா” என்றேன்.

“அண்ணனாம் அண்ணன்!” அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “புள்ள பக்கத்துல இருக்கேன்னு மனுஷனுக்கு வெக்கம். இந்த வீட்டுல ஒனக்கு மட்டும்தான் கூச்சம்னு நெனச்சியா? பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பாகூட மட்டும்தான் பேசுனாரு. என் மூஞ்சிய நிமிந்துகூடப் பாக்கல.”

ரயில் வந்தது. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். கீழே எழுத்து வந்தது. உன்னை நேசிக்கிறேன், என்னை மறந்துவிடு. அவ்வளவுதான். அவர் வாயை மூடிக்கொண்டார். நான் பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் நீங்கள் அங்கே நிறுத்தியதே இல்லையே அப்பா. அந்த ஒரு இடத்தில் மட்டும், அவர் உதடு மூடிய பிறகும் நீங்கள் பேசிக்கொண்டே போவீர்கள். ரயில் நகர்ந்து, திரை முழுக்கப் புகை மட்டும் இருக்கும்போதும் பேசுவீர்கள். நேற்றும் புகை வந்தது. அதில் எழுத்தே வரவில்லை. நீங்கள் வந்தீர்கள்.

“என்னடி, ஒனக்குள்ளயே முணுமுணுக்குற?” என்றார் அம்மா.

புகையைப் பார்த்தபடியே, அங்கே நீங்கள் பேசுவதைச் சொன்னேன். “ஓரமாப் போ தாயி, லோரி வரும். பசிச்சா யாருக்காகவும் காத்திருக்காம சாப்புடு. கடையில எதுனாச்சும் வேணும்னா கூச்சப்படாமக் கேளு. யாரு என்ன சொல்லிடப் போறா?”

அம்மா சிரிக்கவில்லை. படம் முடிந்து போன் இருண்ட பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொருக்காச் சொல்லு” என்றார்.

சொன்னேன். இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக.