மாமனாரை உட்கார வைக்கும் மருந்து

மார்ச் 3, திங்கள்

மறுபடியும் தலைகீழ். மருந்து போட்ட தட்டில், புற்றுநோய் செல்களின் காவல் புரதம் உட்கருவுக்கு வெளியே அநாதையாக நிற்கிறது. மருந்தே போடாத தட்டில் ஜம்மென்று உள்ளே உட்கார்ந்து பச்சையாக ஒளிர்கிறது. என் மருந்து நோய்க்குத்தான் வைத்தியம் பார்க்கிறது போலும்.

கைடு மேடம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு. இல்லேன்னா இதை மூட்டை கட்டிடலாம்."

இரண்டு வருட உழைப்பு. மூட்டையா?

மார்ச் 4

"அப்படி என்னதான் பண்றே?" என்று கேட்டார் என் லிஃப்ட் மெக்கானிக் கணவர். சொன்னேன். உட்கருவுக்கு வாசல்கள் உண்டு. வந்தவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுக்கும் இம்போர்டின், அவர் அம்மா. "எப்போ கிளம்பறீங்க?" என்று வாசல் வரை கொண்டுவிடும் எக்ஸ்போர்டின், அவர் அப்பா. இருவரும் அளவோடு இருந்தால் ஆரோக்கியம். புற்றுநோயில் அப்பா துள்ளி, காவல்காரரையே வெளியே தள்ளிவிடுகிறார். அவரை உட்கார வைப்பதுதான் என் மருந்து.

"எங்க அம்மாகிட்ட சொல்லிடாதே. நாளைக்கே ஒரு பாட்டில் கேப்பாங்க."

அழுகை வந்தது. கொஞ்சம் சிரிப்பும்.

மார்ச் 5

காலையில் தவறுதலாக அவர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டேன். எனக்குச் சர்க்கரை போடும் பழக்கம் இல்லை. இது கடல்!

"என்னங்க, உப்புக் கரிக்குது!"

"திங்கக்கிழமையிலேருந்தே அப்படித்தான். நீ அழுதுக்கிட்டு இருந்தே. அப்போ போய் காபியைப் பத்தி எப்படிப் பேசறது?"

ஞாயிறன்று உப்பு, சர்க்கரை டப்பாக்களைத் துடைத்தேன். கழற்றிய மூடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். மேலே இருந்ததை எடுத்து முதல் டப்பாவுக்கே போட்டேன். பெயர் எழுதியிருந்ததோ மூடியில்தான். திங்களிலிருந்து எனக்குக் கேன்டீன் சாப்பாடுதான், அதனால் உறைக்கவே இல்லை.

ஐயோ — ஆய்வகத் தட்டிலும் மூடியில்தானே பெயர் எழுதுகிறேன்? மருந்து போட்டபின் செல்களைக் கழுவும்போது இப்படியேதானே மூடியை அடுக்குகிறேன்? ஒவ்வொரு முறையும்! அடி மக்கு, அடி மக்கு!

மார்ச் 6

தட்டின் அடியில் பெயர் எழுதினேன். மருந்து போட்டாயிற்று. மாமனாரே, தயவுசெய்து உட்காருங்கள்.

மார்ச் 7, வெள்ளி

உட்கார்ந்துவிட்டார்! மருந்து போட்ட தட்டில் காவல் புரதம் உட்கருவுக்குள், பச்சைப் பசேலென்று.

"எப்படிச் சரியாச்சு?" என்றார் மேடம்.

"காபி குடிச்சேன் மேடம்."

"அப்ப தினமும் குடி. வேலையை விடாதே."

வீட்டுக்கு வந்தால், டப்பாக்களின் வயிற்றில் என் கணவர் பெரிய எழுத்தில் பெயர் எழுதி வைத்திருக்கிறார். மூடிகள் மொட்டை. அவர் சட்டையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'சர்க்கரை, இரண்டு ஸ்பூன்.'

சந்தோஷத்தில் ஐந்து போட்டுவிட்டேன். அதையும் வாயைத் திறக்காமல் குடித்தார்.