ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பக்கம்

ஜனவரி 12, திங்கள்

உறுதியானது: இந்தப் பருவம் முதல் அரசியல் துறையின் எல்லா வகுப்புகளும் பதிவு செய்யப்படும். ஆதாரம்: பல்கலைக்கழகத் துணைப் பதிவாளர், அவருடைய அறையில், நேரில். சுற்றறிக்கையையும் படித்தேன். நோக்கம், கற்பித்தலின் தரத்தை உயர்த்துவது. கூடவே ஒரு நல்கை: புதிய முறையில் பாடம் நடத்துகிறவர்களுக்கு மூன்றாண்டு வேலை உறுதி, வகுப்புச் சுமை பாதி.

ஏன் அரசியல் துறை முதலில் என்று கேட்டேன். "எங்கயாவது ஆரம்பிக்கணுமில்ல மேடம்" என்றார். சிரிக்கவில்லை.

நான் இதைப் பத்திரிகைக்கு எழுதவில்லை. தங்கை அந்தத் துறையில்தான் பாடம் நடத்துகிறாள், அவளுடைய ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது என்று செய்தி ஆசிரியரிடம் சொன்னேன். "அப்ப நீங்க தள்ளி நில்லுங்க" என்று வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். சரியான முடிவுதான். ஆனால் இத்தனை வருடப் பழக்கம் கையை விடுவதில்லை. அதனால் இங்கே, நாட்குறிப்பில்.

தங்கைக்கு ஒரே உற்சாகம். "எனக்குன்னே அறிவிச்ச மாதிரி இருக்குக்கா. புதுமைன்னா என் வகுப்புதானே?"

உண்மைதான்.

ஜனவரி 18, ஞாயிறு

நல்கைக்கான தன் விண்ணப்பத்தைப் படித்துத் திருத்தச் சொன்னாள். அவள் முறையை இவ்வளவு தெளிவாக நானே இன்றுதான் புரிந்துகொண்டேன்.

ஒரு வாரம் வகுப்புக்குள் நுழைந்ததும், முன்னுரை எதுவும் இல்லாமல், தேர்தலைத் தள்ளிப்போடுவதே நாட்டுக்கு நல்லது என்று பேச ஆரம்பிப்பாள். ஒரு மணி நேரமும் அதே பேச்சு. மாணவர்கள் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த வாரம் அதே அறையில், அதே குரலில், தள்ளிப்போடவே கூடாது என்பாள். எது அவள் சொந்தக் கருத்து என்று கடைசிவரை சொல்வதில்லை.

"ஆரம்பத்துலயே இது நடிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடலாமே?"

"சொல்லிட்டா தூங்கிடுவாங்க. மேடம் நிஜமாவே இப்படி நினைக்கிறாங்களோன்னு பதறினாத்தான் எழுந்து நின்னு எதிர்ப்பாங்க. அந்தப் பதற்றம்தான்க்கா பாடமே."

நான்கு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். வேறு எதையும் தொடவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

கேமரா மாட்டிவிட்டார்கள். எலுமிச்சம்பழ அளவு, கறுப்பு, கரும்பலகைக்கு நேர் எதிரே. மேசையில் ஒரு மைக்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தாடி மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். தங்கையின் துறைக்காரர், பக்கத்து அறை. தாடியை எடுத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன, பெயர் மட்டும் போகவில்லை. இருவரும் ஒரே ஆண்டு வேலைக்குச் சேர்ந்து, ஒன்றாக உட்கார்ந்து அந்த முறையை உருவாக்கினார்கள். அவரும் அப்படியேதான் நடத்துகிறார்.

"அக்கா, கேமரா வந்ததுலேர்ந்து நான் தினம் சட்டைக்கு இஸ்திரி போடுறேன். கல்வித் தரம் உயர்ந்திருச்சு, எழுதிக்கோங்க."

தங்கை சிரித்தால் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பாள். தாடி பேசினால் மட்டும் அப்படி.

பாத்திரம் கழுவும்போது என்னிடம் வேறு குரலில் கேட்டார்: "பதிவெல்லாம் யார்க்கா கேக்குறாங்க? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். கேமரா மாட்டிய மறுநாளே நான் விசாரித்திருக்க வேண்டிய கேள்வி. முன்பென்றால் அன்றைக்கே விசாரித்திருப்பேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

விசாரித்தேன். முதலில் கணினி கேட்கிறதாம். பேச்சை எழுத்தாக்கி, ஒவ்வொரு வாக்கியமும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மதிப்பெண் போடுகிறது. சாய்வு அதிகமுள்ளவை மட்டும் ஒரு குழுவுக்குப் போகும். குழுவில் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆதாரம் மறுபடி துணைப் பதிவாளர், இந்த முறை தொலைபேசியில்.

"ஒரு வகுப்பு ஒரு பக்கம், அடுத்தது மறுபக்கம்னு நடத்துறவங்க?"

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "அளவு ஒரு வகுப்புதான் மேடம். ரெண்டு வகுப்பைச் சேர்த்துப் பாக்குற ஏற்பாடு கிடையாது."

தங்கையிடம் அப்படியே சொன்னேன். "அட போங்கக்கா. யாராவது மனுஷங்க பாத்தா அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுரும்."

மார்ச் 2, திங்கள்

கணினியின் மதிப்பீட்டு அறிக்கை வந்துவிட்டது. இதுவரை அவள் நடத்திய எல்லா வகுப்புகளும் ஒருதலைச் சார்பு. ஒன்றுகூட மிச்சமில்லை. அவள் பெயருக்குக் கீழே அவளுடைய வாக்கியங்கள்: "தேர்தலை ஆறு மாதம் தள்ளிப்போட்டால் வானம் இடிந்து விழாது." "பத்திரிகைகளுக்கு இவ்வளவு சுதந்திரம் எதற்கு?" அடுத்த பக்கத்தில், நேர்மாறாக, அதே பெயருக்குக் கீழே.

சமையலறையில் நின்றபடியே கத்தினாள். "ரெண்டும் நான் சொன்னதுதான்! ரெண்டும்! ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்க ஒரு ஆளு இல்லையா அங்க?"

அந்த இரண்டாவது வாக்கியம் – நான் ஒரு பத்திரிகைக்காரி. ஒரு கணம், ஒரே ஒரு கணம், இவள் நிஜமாகவே அப்படி நினைக்கிறாளோ என்று தோன்றியது. எனக்கே. கூடப் பிறந்தவளுக்கே.

விளக்கம் தரக் குழுவின் முன் வர வேண்டும். தாடிக்கும் அதே அழைப்பு.

மார்ச் 5, வியாழன்

தங்கையின் இன்றைய வகுப்பில் எதிர்த்துப் பேச மாணவர் யாரும் எழுந்து நிற்கவில்லையாம். மைக்கில் அவர்கள் குரலும் பதிவாகும் அல்லவா.

மார்ச் 13, வெள்ளி

இருவரும் போய் வந்தார்கள். நான் வெளியே காரில் இருந்தேன். முதலில் தாடி வந்தார்.

"என்ன ஆச்சு?"

"இது கோர்ட்டா வகுப்பான்னு கேட்டேன். ரெண்டும் இல்ல, தரமேம்பாடுன்னாங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள ரெண்டு பக்கமும் சொல்லணும்னா, மூணாவது பக்கம் ஒண்ணு இருந்தா ஓவர்டைம் தருவீங்களான்னு கேட்டேன். அதைக் குறிச்சுக்கிட்டாங்கக்கா. சிரிக்காம குறிச்சுக்கிட்டாங்க."

தங்கை நிறைய நேரம் கழித்து வந்தாள். களைப்பாக இருந்தாள், ஆனால் முகம் தெளிந்திருந்தது. "பொறுமையாக் கேட்டாங்கக்கா. நடிச்சுக் காட்டுற வகுப்பை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறதுன்னு என்கிட்டயே கேட்டாங்க. படம் போட்டு விளக்கினேன்."

திரும்பும் வழியில் தாடி பின்சீட்டில் உட்கார்ந்து, கார்க் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வழக்கமாக முன்சீட்டில் உட்கார்ந்து நான் கார் ஓட்டுவதைக் கிண்டல் செய்வார்.

மார்ச் 20, வெள்ளி

உறுதியானது: நல்கை தங்கைக்குத்தான். ஆதாரம்: அவளே, உத்தரவோடு. மூன்றாண்டு வேலை உறுதி. பாதி வகுப்புதான். மீதி நேரத்துக்கு வேறு பொறுப்பு. கணினி ஒதுக்கிவைக்கிற அரசியல் துறைப் பதிவுகளைக் கேட்டுப் பரிந்துரை எழுத வேண்டும். குழுவில் இந்தப் பாடம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையாம்.

"நீ ஒத்துக்கிட்டியா?"

"நீங்களே சொல்லுங்கக்கா. கேக்குற இடத்துல புரிஞ்ச ஒருத்தி இருந்தா நல்லதா, கெட்டதா?"

நல்லதுதான். ஆனால் அவள் கேட்ட விதம் – வகுப்பில் பேசுவதுபோல இருந்தது. எது அவள் கருத்து என்று தெரியாதபடி.

"தாடிகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. உங்ககிட்ட சொன்னதே தப்புக்கா."

ஏப்ரல் 2, வியாழன்

வகுப்புத் தொடக்கத்தில் இப்போது சொல்லிவிடுகிறாளாம்: பின்வருவது கற்பித்தலுக்கான பாவனை. பாதி நேரம் ஒரு பக்கம், பாதி நேரம் மறுபக்கம். மதிப்பெண் நன்றாக வருகிறது.

"பசங்க?"

"அமைதியா இருக்காங்க" என்றாள், அதுவும் ஒரு நல்ல விஷயம் மாதிரி.

ஏப்ரல் 12, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்குத் தாடி வரவில்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தங்கை கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறாள்.

செய்தி ஆசிரியரிடம் குழுவைப் பற்றிச் சொல்லலாமா? சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் – நான் இன்னும் நிருபர்தானா?

சொல்லவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

உறுதியானது: தாடியின் பதிவுகள் மறுபரிசீலனைக்குப் போய்விட்டன. ஆதாரம்: தாடியே. காலையில் வாசல்வரை வந்தார், உள்ளே வரவில்லை. அவர் வகுப்பை மாற்றிக்கொள்ளவில்லை. தொடக்கத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்ல மறுத்துவிட்டார். பரிந்துரை பாதகமாக இருந்தால் அடுத்த பருவம் அவருக்கு வகுப்பு இல்லை.

"ஒரு ஆளு கேப்பாங்களாம்க்கா. பேரு சொல்ல மாட்டாங்களாம். விஷயம் தெரிஞ்ச ஆளா இருந்தாப் போதும், பொழைச்சுருவேன்."

"காபி குடிச்சுட்டுப் போங்க."

"இருக்காளா உள்ள?"

"வேலையா இருக்கா."

"இருக்கட்டும், தொந்தரவு பண்ணாதீங்க" என்று படி இறங்கினார்.

உறுதியாகாதது: அவற்றைக் கேட்பது யார் என்பது. துறைக்கு ஒரே ஆள்தான். ஆனாலும் யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் அவள் பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

மதியம் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். காற்றுக்காக அவள் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தாள். திடீரென்று சிரித்தாள். வாய்விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஒரே ஒருவர் பேசினால்தான் அது வரும்.

பிறகு பின்னுக்கு ஓட்டி அதே இடத்தை மறுபடி கேட்டாள். இரண்டாவது முறை சிரிக்கவில்லை. மூன்றாவது முறை குனிந்து கேட்டாள். அதன்பின் தட்டச்சு செய்யும் சத்தம், நிற்காமல், நீண்ட நேரம்.

நிலுவை: பரிந்துரை. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.