இடது பக்க விளக்கு

கீழக்கரை
14.6.2006

அன்பு மகன் கபீருக்கு,

உன் உம்மா நூர் நிஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கும் உன் அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, பயப்படும்படி இல்லை. போனில் சொல்ல நாக்கு எழாத ஒரு விஷயத்தை இதில் எழுதுகிறேன். நாளை ஷார்ஜா புறப்படும் பக்கத்து வீட்டு சதக்கிடம் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

நீ சொன்னபடியே காரை விற்கப் பேப்பரில் விளம்பரம் கொடுத்தேன். வெள்ளை மாருதி, ஒரே உரிமையாளர், விபத்து இல்லை. நேற்று வாலிநோக்கத்திலிருந்து பால்சாமி என்பவர் வந்தார். உப்பு லாரி வைத்திருக்கிறாராம். குனிந்து அடிப்பக்கம் பார்த்தவர், கடற்கரை ஊர்க் காரில் ஒரு பொட்டுத் துரு இல்லையே என்று அசந்துபோனார். உன் வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடும் வரை மூன்று வருடமும் தினம் இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினார் என்றேன். குடிக்கிற தண்ணீரையா என்று சிரித்தார். அதற்காக நான் வாப்பாவிடம் போட்ட சண்டையெல்லாம் உனக்குத் தெரியும்.

பிறகு முன்விளக்குகளைப் பார்த்தார். "வலது பக்கம் உப்புக் காத்துல மங்கிக் கெடக்கு, இடது மட்டும் புதுசா இருக்கே, எப்படிம்மா?" என்று கேட்டார். குறையை மறைத்து விற்பது ஹராம் அல்லவா? நீ ஷார்ஜாவுக்குச் சபர் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, விடியற்காலையில், நீ காரை ஓட்டிப் போனபோது வாலிநோக்கம் ரோட்டில் ஓர் ஆடு குறுக்கே வந்து அடிபட்டது, வாப்பா மதுரையில் விளக்கை மாற்றினார் என்று உள்ளதைச் சொன்னேன்.

அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். "எந்த வருசம்மா?" என்றார். 2002, மார்ச் என்றேன்.

அந்த மார்ச்சில் உப்பளத்துக்கு நடந்துபோன உலகம்மாள் என்ற பெண்ணை ஒரு வெள்ளைக் கார் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். ஒரு மணி நேரம் உயிரோடு கிடந்தாளாம். அங்கே சிதறிக் கிடந்த விளக்குக் கண்ணாடியை அவள் புருஷன் முனியசாமி பால்மாவு டப்பாவில் பொறுக்கி வைத்திருக்கிறாராம். "எந்த வெள்ளைக் காரப் பாத்தாலும் வெளக்கத் தடவிப் பாக்குறான்மா. ஞாயித்துக்கெழம அவனக் கூட்டிக்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கபீர், நீ விமானம் ஏறிய மறுவாரம், அடுத்தவர் ஆட்டைக் கொன்றுவிட்டு விலை கொடுக்காமல் இருக்கக் கூடாது என்று வாப்பா வாலிநோக்கம் போனார். கொண்டுபோன பணத்தோடேயே திரும்பி வந்தார். ஆட்டுக்காரர் கிடைக்கவில்லையா என்று கேட்டேன், பணத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மறுநாள் காலையில்தான் காருக்கு முதல் குடம் தண்ணீர் ஊற்றினார். அதன் பிறகு அந்தக் காரில் அவர் ஏறவே இல்லை.

மூன்று வருடமாக அவர் எதைக் கழுவினார் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கார் நிற்கும் பக்கம் போனால் இப்போதும் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கிறது. நேற்றிலிருந்து பின்வாசல் வழியாகத்தான் போய் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் டப்பாவைத் திறந்தால் நான் என்ன சொல்வது? பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுக்க எனக்கு மனம் வராது. அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லவும் வராது. சனிக்கிழமைக்குள் போன் செய். ஆடுதான் என்று நீ சொன்னால் நான் நம்பிவிடுவேன், மகனே. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், அப்படிச் சொல்லாதே.

உனக்காகவும் அந்த உலகம்மாளுக்காகவும் துஆ செய்யும்
உன் உம்மா,
நூர் நிஷா