கோமதியின் பெயர் வராத மத்தியானம்

அக்கா,

என்னை யாரென்று தெரியாமல் போன பிறகும், குற்றாலம் பேரருவியில் எப்படி நிற்கவேண்டும் என்பது மட்டும் உனக்கு எப்படித் தெரிந்தது? நீ போய் வருடக்கணக்காகியும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இன்று மத்தியானம் உன் மகள் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு மேலகரம் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு முன்னால் எண்ணெய் வாசனை உள்ளே வந்தது. அதில் உன் கழுத்தும் முதுகும், நீ சேலையை இழுத்துச் செருகும் வேகமும் சட்டென்று வந்துவிட்டன. எதிரே நின்ற பெண்ணின் பெயர் வரவில்லை.

"சித்தி, துண்டு எங்கன இருக்கு?"

"ஏட்டி, கொடியில கிடக்கு பாரு."

அவள் எடுத்துக்கொண்டு போனாள். கோமதி என்ற பெயர் எனக்குச் சாயங்காலம்தான் தானாக வந்தது.

நீயும் இப்படித்தானே தொடங்கினாய்? பெண்பிள்ளைகள் எல்லாரும் ஏட்டி, பையன்கள் எல்லாரும் ஏலே. நம் பக்கத்தில் ஒரு பெயரும் தெரியாமலே குடும்பம் நடத்திவிடலாம். அதனால் உன் மறதி எங்கள் கண்ணில் படவில்லை. "எம்பேரச் சொல்லு பாப்போம்" என்று கோமதி ஒருநாள் விளையாட்டாகக் கேட்டாள். "பேரு வச்சவளுக்கே பரிட்சை வைக்கியாட்டி?" என்று சிரித்தாய். நாங்களும் சிரித்தோம். உன் முகத்தில் அப்போது இருந்தது என்ன என்று இன்றைக்குத் தெரிகிறது.

விலங்கியல் படித்தவள் நான். புதிய நினைவுகள் மூளையின் ஒரு பகுதியைப் பிடித்து நிற்கின்றன, கைகால் பழகியவை வேறு பகுதிகளில் தங்குகின்றன, முன்னது சிதைந்தாலும் பின்னது வெகுநாள் தாங்கும் என்று சொல்லத் தெரியும். கடைசியாக உன்னை அருவிக்குக் கூட்டிப்போன அன்று கண்ணாலும் பார்த்தேன். "நீ யாரு வீட்டுப் பிள்ளம்மா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தவள், இரைச்சல் கேட்டதும் கூந்தலை முறுக்கிச் செருகினாய். கம்பியைப் பிடித்தாய். என் தோளைத் திருப்பிவிட்டு, "தலையக் குடுக்காதட்டி. மொதல்ல முதுகக் குடு" என்றாய், சின்ன வயதில் சொன்னது போலவே.

என்னைத் தெரிந்துதான் சொன்னாயா? பக்கத்தில் யார் நின்றிருந்தாலும் சொல்லியிருப்பாயா? நான் படித்தது எதுவும் இதைச் சொல்லவில்லை. ஆன்மா என்று சொல்லி ஆறுதல் தேடவும் எனக்கு வராது. மனம் மூளை என்னும் சதையின் வேலைதான் என்று நம்புகிறேன். அதனால்தான் பயம். சதை கெட்டால் ஒதுங்க வேறு இடமில்லை. அம்மாவுக்கும் உனக்கும் மறதி தொடங்கிய வயதை நான் நெருங்கிவிட்டேன்.

மேலே உள்ளது நேற்று எழுதியது. அவள் பெயர் வராமல் போனதை இன்று காலை கோமதியிடம் சொல்லிவிட்டேன். "எனக்குந்தான் மறக்குது சித்தி" என்று சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். உன்னிடம் நாங்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னோம்.

தென்காசியில் மருத்துவரைப் பார்த்தோம். சில கேள்விகள் கேட்டார், மறதியைச் சோதிக்கக் கடிகாரம் வரையச் சொன்னார். இப்போதைக்கு உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

திரும்பும்போது பேருந்தில், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்தபடியே கோமதி கேட்டாள்: "சித்தி, ஆச்சிக்கு வந்து, அம்மாக்கு வந்து, ஒனக்கும் வந்துட்டுன்னா, அடுத்தது நாந்தான?"

மேலகரம் வந்துவிட்டது என்றேன். இறங்கினோம்.