முன் சீட்டுக்கு ஒரு பரீட்சை

நவ. 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. என் பக்க வைப்பர் பாதியில் நின்று நின்று போகிறது. முழங்கால் வலி.

ஆபீசில் கூப்பிட்டு ஒரு புது போன் கொடுத்தார்கள். பெரிய திரை. கார் ஓட்டுகிறவர்களுக்கு வழி காட்டும் வசதி உள்ளேயே வைத்துச் செய்ததாம். சிக்னல் போனாலும் வழி போகாதாம். கூடவே வேனில் மாட்ட ஒரு ஸ்டாண்ட், சார்ஜர், ஒரு தாள். பத்து நாள் ஓட்டிப் பார்த்து தாளை நிரப்பித் தர வேண்டும். சரிப்பட்டால் நோயாளிகளை ஏற்றி இறக்கும் டிரஸ்டின் நான்கு வேனுக்கும் வாங்குவார்கள்.

தாளில் பத்துக் கேள்வி. வெயிலில் திரை தெரிகிறதா. போன் சூடாகிறதா. குரல் தெளிவு. எத்தனை முறை தவறான வழி. இப்படியே போய், கடைசியில் பத்தாவது: "வழிகாட்டி உதவியாளர் இல்லாமல் இந்த போனை மட்டும் வைத்து வண்டி ஓட்ட முடியுமா? ஆம் / இல்லை."

வழிகாட்டி உதவியாளர் என்றால் என் வீட்டுக்காரர், இவர்தான். மற்ற மூன்று வேனில் அப்படி ஒரு ஆளே கிடையாது.

தாளைக் கொடுத்த கோகிலா மேடம் கெட்டவர் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "சகாயக்கா, பாத்ததை அப்படியே எழுதிக் குடுங்க, போதுமுங்க. மேல கேக்கறாங்க." மேலே என்றால் யாரென்று நானும் கேட்கவில்லை.

தாளை மடித்து சீட் கவருக்கு அடியில் வைத்துவிட்டேன். இவரிடம் போனைப் பற்றி மட்டும் சொன்னேன்.

வாங்க: வைப்பர் ரப்பர், இவருக்குச் சர்க்கரை மாத்திரை, கோதுமை மாவு.

நவ. 5, புதன்

தூறல். போனை மாட்டியாயிற்று. உள்ளே ஒரு பெண் குரல், நியூஸ் வாசிக்கிற தமிழ். "இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்."

எனக்கு இடது வலது சட்டென்று வராது. சாப்பிடுகிற கையை நினைத்துப் பார்த்துத்தான் தெளிவேன், அதற்குள் திருப்பம் தாண்டிவிடும். நாற்பத்தாறு வயதில் வண்டி பழகினேன். பழக்கினவர் இவர். சர்க்கரை கண்ணில் இறங்கி ஒரு கண் போய், மற்றதும் மங்கலான வருஷம் அது. அதுவரை இந்த வேனை ஓட்டியது இவர்தான். கெழக்கால ஒடி, வடக்கால போ என்றுதான் சொல்லித் தந்தார். வீட்டில் உப்பு டப்பா எங்கே என்று கேட்டாலும் அடுப்புக்கு மேக்கால என்பவர். எனக்கும் ரோடென்றால் நாலு திசைதான்.

எங்கள் வண்டிக்கு நோயாளிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இந்த மாதம் பெ.நா.பாளையம், அடுத்த மாதம் சூலூர். புது வீடு, புது சந்து. இவர் தலைக்குள் எல்லாம் இருக்கிறது. அதனால்தான் நான்கு வருஷமாக முன் சீட்டு. ஏற்றிவிட அவரவர் வீட்டு ஆட்கள், இறக்க ஆஸ்பத்திரி ஆட்கள். வழி சொல்வது ஒன்றுதான் இவர் வேலை.

மதியம் கோட்டைமேட்டில் ரஹீம் பாயை ஏற்றப் போனோம். வளையல் மொத்த வியாபாரம் செய்தவர், இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அந்தப் பெண் குரல் எங்களை ஒரு சந்துக்குள் கொண்டுபோய் விட்டது. ஆட்டோ நுழையலாம், வேன் நுழையாது. ரிவர்ஸ் எடுத்து வெளியே வருவதற்குள் கை வலித்துவிட்டது. இவருக்கு ஒரே சந்தோஷம். "அந்தம்மணி எந்த ஊருன்னு கேளு" என்றார். பாய் சிரித்தார். நானும் சிரித்தேன்.

போன் தப்பு: 1. இவர் தப்பு: 0.

நவ. 6, வியாழன்

மழை இல்லை, புழுக்கம்.

உக்கடத்தில் பாலத்துக்கு அடியில் போகச் சொன்னார் இவர். போன் மேலே ஏறச் சொன்னது. இவர் பேச்சைக் கேட்டேன். கீழே பள்ளம் தோண்டி அடைத்திருந்தார்கள். இருபது நிமிஷம் போச்சு. போன் பேசாமல் வேறு வழி போட்டுக் கொடுத்தது. கோபித்துக்கொள்ளவில்லை. இவர் மட்டும் ஆஸ்பத்திரி வரும்வரை உம்மென்று வந்தார்.

போன் தப்பு: 1. இவர் தப்பு: 1.

திரும்பும்போது துடியலூர் தாண்டி இவர் சொன்னது: "தண்ணி டேங்க் தெரியுது பாரு, அதை ஒட்டி மேக்கால திரும்பு."

திருப்பம் சரிதான். டேங்கை இடித்து ஆறு மாசம் ஆகிறது. இப்போது அங்கே வெறும் கம்பி வேலி.

"ஆமாங்க" என்று சொல்லித் திருப்பினேன்.

பழைய ஞாபகத்தில் வாய் தவறியிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். இன்று ரொம்ப அசதி, அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

நவ. 7, வெள்ளி

ஆயில் மாற்ற வேன் ஒர்க் ஷாப்பில். துணி காயவில்லை, மூன்று நாள் ஈர வாடை. கேஸ் சிலிண்டர் வந்தது. இவர் போனைக் கையில் எடுக்கவே இல்லை. டி.வி.யில் சத்தம் மட்டும் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் ஜன்னல் பக்கம்.

நவ. 8, சனி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாவிட்டாலும் மனம் ஆறாது.

பெ.நா.பாளையத்தில் உள்ளே தள்ளி ஒரு புது ஆள், பழனியம்மாள். அறுபது இருக்கும். ஆஸ்பத்திரியில் ஏழு மணிக்கு டயாலிசிஸ் படுக்கை. காலை ஆறுக்கே மழை, கண்ணாடி முழுக்க ஆவி. இவர் வியாழனிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லையே என்று, போன் சத்தத்தைக் குறைத்து வைத்தது நான். அதை யார் தலையிலும் போட முடியாது.

மெயின் ரோட்டை விட்டு மேக்கால திரும்பினோம். "மூணாவது ஸ்பீட் பிரேக்கர் தாண்டி ரேஷன் கடை, அங்க வடக்கால" என்றார். போனேன். ஒன்று ஏறி இறங்கியது. அப்புறம் ரோடு வழவழவென்று போய்க்கொண்டே இருந்தது. வீடுகள் குறைந்து, தோட்டம் வந்து, செங்கல் சூளை வந்து, மண் ரோடே வந்துவிட்டது. திரையில் அம்புக்குறி திரும்பு திரும்பு என்று சுற்றிக்கொண்டிருந்தது, நான் பார்க்கவில்லை.

எங்கீங்க கடை என்று கேட்டேன்.

"ஒண்ணுதான் ஏறுச்சு அம்மணி. இன்னும் ரெண்டு வரோணும்."

ரேஷன் கடையைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். போர்டு, வாசலில் கூட்டம், எல்லாம் இவர் பக்க ஜன்னலில்தான் போயிருக்கும்.

போன் சத்தத்தைக் கூட்டினேன். எட்டு நிமிஷத்தில் வீட்டு வாசலில் கொண்டு நிறுத்தியது. பழனியம்மாளின் மகள் நனைந்து நின்றிருந்தாள். அவள்தான் சொன்னாள். புதன்கிழமை மந்திரி வந்தாராம், அதற்காக ராவோடு ராவாக ஸ்பீட் பிரேக்கரைச் சுரண்டி எடுத்தார்களாம், பள்ளிக்கூடத்து முன்னால் இருப்பதை மட்டும் விட்டார்களாம். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது ஏழு ஐம்பது. படுக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மதியம் ஒன்றரைக்குத்தான் அடுத்தது. அந்த அம்மா முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்க, கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் பெஞ்சில். திட்டவே இல்லை. "மழைக்கு என்னங்க பண்ணுவீங்க" என்றது. அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

சாயந்தரம் இறக்கிவிட்டு வந்தோம்.

நவ. 9, ஞாயிறு

சர்ச் பூசைக்கு நான் மட்டும் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை.

வந்து, தோசைக்கல்லை அடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டேன். முகத்துக்கு நேராகக் கேட்க முடியவில்லை.

"எவ்வளவுங்க தெரியுது?"

"வெளிச்சம் தெரியுது. ஆள் நின்னா நெழல் மாதிரி."

"எப்ப இருந்து?"

"சித்திரையில இருந்து."

ஏழு மாசம். ஏழு மாசமாக மேடு ஏறுவதை எண்ணி, வெயில் எந்தக் கன்னத்தில் அடிக்கிறது என்று பார்த்து, எத்தனை சிக்னல் நின்றோம் என்று கணக்கு வைத்து வழி சொல்லியிருக்கிறார். உக்கடத்திலும் அப்படியே. எனக்கு வந்தது கோபம்தான். பின்னால் நோயாளிகளை வைத்துக்கொண்டு இந்த மனுசனை நம்பி ஓட்டியிருக்கிறேன். தோசையைக் கருக்கிவிட்டேன். நாலு வார்த்தை கேட்டேன், அதை இங்கே எழுதவில்லை.

கோபம் இறங்கினதும் டேங்க் ஞாபகம் வந்தது. வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஆமாங்க போட்டேன். அப்புறம் என்ன கோபம் எனக்கு.

தாளை எடுத்து வந்து பத்தாவது கேள்வியைப் படித்துக் காட்டினேன்.

"ஆம்னு போட்டுரு அம்மணி. அந்தப் பழனியம்மா எடத்துல நம்ம அம்மா இருந்தா?"

போடவில்லை. மடித்து வைத்துவிட்டேன்.

நவ. 10, திங்கள்

வெயில். துணி காய்ந்தது.

இவர் வேனில் ஏறவில்லை. வாசல் வரை வந்தார். கண் டாக்டரிடம் வெள்ளிக்கிழமை கூட்டிப் போவதாகச் சொன்னேன், தலையாட்டினார். டிபன் பாக்ஸ் இரண்டு எடுத்துப் பழகிப்போய் இன்றும் இரண்டு கட்டிவிட்டேன். ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

ஐந்து டிரிப். தவறு இல்லை. இடதுபுறம் என்றதற்கு ஒரு தடவை வலதுபுறம் சிக்னல் போட்டேன், பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தான். அது போன் தப்பு இல்லை.

முன் சீட்டில் தண்ணீர் பாட்டில், ரஹீம் பாயின் பை. பாய் கேட்டார், மச்சான் எங்கேம்மா என்று. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லும்போது நாக்கு குழறுகிறது எனக்கு, எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

போன் தப்பு: 1. அதேதான்.

நவ. 11, செவ்வாய்

ஆறு டிரிப். முதுகு. பழனியம்மாளை ஏழுக்கு ஐந்து நிமிஷம் முன்னாடியே சேர்த்துவிட்டேன். மகள் ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொடுத்தாள். வாங்கக் கூச்சமாக இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் இவர் ஷேவ் பண்ணவில்லை. மத்தியானச் சாப்பாடு மூடி வைத்தது மூடி வைத்தபடி. பகல் முழுக்க என்ன பண்ணினீங்க என்றேன். "ரோட்டுல போற வண்டியெல்லாம் கேட்டுட்டு இருந்தேன்" என்றார்.

இப்படியே விட்டால் ஆள் கரைந்துவிடுவார். எனக்குப் பயமாக இருக்கிறது. தாளில் பொய்யாக "இல்லை" என்று போட்டால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். அதையும் நினைத்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், அரை மணி நேரம் அதையே நினைத்தேன்.

நவ. 12, புதன்

ஒன்றும் இல்லை. மழை. வைப்பர் ரப்பர் மாற்றினேன். முருங்கைக்காய் சாம்பார்.

நவ. 13, வியாழன்

மேகமூட்டம். நாளை தாள் கொடுக்கும் நாள்.

மதியம் பழனியம்மாளை வீட்டில் இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பினேன். சந்து முனை வருவதற்குள் போன் அடித்தது. வீட்டு நம்பர். ஓரமாக நிறுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பெண் குரல் நின்றுவிட்டது, திரையில் அம்பு மட்டும்.

இவர் எதற்குக் கூப்பிட்டார் என்று சொல்லவில்லை. எங்கே நிற்கிறாய் என்றார். சொன்னேன். "கட் பண்ணாத. நீ பாட்டுக்கு ஓட்டு, நான் பேச மாட்டேன்."

தெக்கால வந்து ரேஷன் கடை முன்னால் கெழக்கால ஒடித்தேன். மந்திரி போனதும் மறுபடி போட்டுவிட்டார்கள் போல, தார் இன்னும் கருப்பாக, கோடு கூட அடிக்கவில்லை. வண்டி ஏறி இறங்கியது. பின்னால் ஸ்ட்ரெச்சர் கம்பி கடகடவென்றது.

"ஒண்ணு" என்றது போன்.

கொஞ்ச தூரம். மறுபடி கடகட.

"ரெண்டு. போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்க."

பள்ளிக்கூடம் வந்தது. மெதுவாகத்தான் ஏற்றினேன். கம்பி சத்தம் போட வேண்டுமே என்று, இறங்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் வேகம் விட்டேன்.

"மூணு. இனி மெயின் ரோடு. தெக்கால திரும்பிக்க. பாத்து, பஸ்ஸு வேகமா வருவான்."

பஸ் வந்தது. நின்று பார்த்துத் திரும்பினேன். கவுண்டம்பாளையம் வரை கட் பண்ணவில்லை. பழைய டேங்க் இருந்த இடத்தில் டேங்க் இடித்துவிட்டார்கள் என்று சொன்னேன். சரி, கம்பி வேலின்னு வச்சுக்கறேன் என்றார். வீட்டுக்கு வந்தபோது ஷேவ் பண்ணியிருந்தார். கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டு.

ஆள் இருக்கும்போது கூப்பிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். காலி வண்டிக்கு மட்டும். ஒத்துக்கொண்டார்.

இப்போது சாப்பாட்டு மேஜையில் தாளை நிரப்புகிறேன். இவர் எதிரில். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி எழுதுகிறேன்.

1. வெயிலில் திரை: சுமார்.
2. சூடு: மதியம் அதிகம்.
3. குரல் தெளிவு: நன்று.
4. தவறான வழி: ஒரு முறை, கோட்டைமேடு.

ஐந்திலிருந்து ஒன்பது வரை டிக் போட்டாயிற்று.

10. ஆம்.

எழுதும்போது கை நின்றது. இவர் காதில் பேனா சத்தம் நின்றது விழுந்திருக்கும். "போட்டியா?" என்றார். போட்டேன்.

கடைசியில் இதர கருத்து என்று இரண்டு கோடு விட்டிருக்கிறார்கள். அதை மட்டும் இவருக்குப் படித்துக் காட்டாமல் எழுதினேன்: வண்டி காலியாகத் திரும்பும்போது வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் வழி சொல்லும் குரல் நின்றுவிடுகிறது. இது குறை அல்ல, இதைச் சரிசெய்ய வேண்டாம்.