ஜூட்டுக்குப் போடாத ஊசி

அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டில் யாரோ பிள்ளையின் நெஞ்சுக்கு யூக்கலிப்டஸ் எண்ணெய் தடவினார்கள். வேலி தாண்டி வந்த மணம் என்னை முற்றத்திலேயே நிறுத்திவிட்டது. உங்கள் மகன் ஜூட்டின் கடைசி நாட்களில் உங்கள் சேலை முழுக்க அந்த மணந்தான்.

வெறும் தடிமன், சளி என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு அவன் மூச்சுக்குத் திணறினான். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அம்புலன்சில் கொண்டுபோனார்கள். அத்தான் கடலுக்குப் போகவில்லை. நீங்கள் கருவாடு போடவில்லை. அங்கே தங்கவும் அலையவும் படகின் எஞ்சினை விற்றீர்கள். கடைசியில் இரண்டு வயதுப் பிள்ளையைப் பெட்டியில் கொண்டுவந்தீர்கள். நியுமோகொக்கஸ் என்ற கிருமி என்றார்கள். அதற்கொரு தடுப்பூசி இருப்பதே அன்றைக்குத்தான் உங்களுக்குத் தெரியவந்தது. எங்கள் கிளினிக்கில் இலவசமாகப் போட்ட ஊசிகளில் அது இருக்கவில்லை.

என் மகள் பிறந்த கிழமையே வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

“தம்பி, வவுனியாவில தனியார் ஆஸ்பத்திரியில அந்த ஊசி இருக்காம். இவளுக்குப் போட வேணும்.”

“நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஏன் இவ்வளவு காசு?” என்றார் என் மாமியார்.

நீங்கள் கோபப்படவில்லை. “நாங்கள் எஞ்சின் வித்தனாங்கள், மாமி. அந்தக் காசில எத்தனை பிள்ளையளுக்கு இந்த ஊசி போட்டிருக்கலாம். எல்லாம் குடுத்தும் வெறுங்கையோட வந்தனாங்கள்.”

“போட்டா நோய், வருத்தம் ஒண்டும் வராதெண்டு நிச்சயமோ?” மாமியார் விடவில்லை.

“இல்லை. எல்லாத்தையும் மறிக்காதாம். ஆனா என்ர பிள்ளையைக் கொண்டுபோனதைப் பெரும்பாலும் மறிக்குமாம்.”

இரண்டு மாதம் கழித்து, வவுனியா பஸ்ஸில் பிள்ளை உங்கள் மடியில்தான் வந்தாள். ஊசி ஏறியதும் வீரிட்டு அழுதாள். நீங்கள் வெளியே போய்ச் சுவரோடு நின்றீர்கள். தேடிவந்த என்னிடம், “இவள் அழுற சத்தம் நல்லாயிருக்கடா. அவனுக்குக் கடைசியில அழவும் மூச்சு இருக்கேல்லை” என்றீர்கள்.

போன மாரியில் புற்றுநோய் உங்களைக் கொண்டுபோனது. மகள் பள்ளிக்கூடம் போகிறாள். ஊசிதான் காத்ததா, இல்லாமலும் தப்பியிருப்பாளா, யாராலும் சொல்ல முடியாது. செலவுக்குத் தக்க பயன் உண்டா என்று பார்த்துத்தான் இந்த ஊசியை அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பதா என முடிவெடுப்பார்களாம். வானொலியில் ஒருவர் விளக்கினார். ஆஸ்பத்திரிக் கட்டில், மருந்து, தாய் தகப்பன் இழந்த உழைப்பு எல்லாம் அந்தக் கணக்கில் வருமாம். நீங்கள் சிரிக்காமல் இருந்த வருடங்களும் வருமா என்று கேட்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

இப்போது எங்கள் கரையில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் நான் போகிறேன். ஊசியைப் பற்றிச் சொல்கிறேன், ஜூட்டைப் பற்றியும். போன கிழமை ஓர் இளம் தகப்பன் எல்லாம் கேட்டுவிட்டு, “அண்ணை, அந்தத் தாய் இப்ப எப்பிடி இருக்கிறா?” என்றான்.

“சுகமா இருக்கிறா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அக்கா. திருத்த மனம் வரவில்லை.