மாடியின் பின்கதவு

மார்ச் 3, செவ்வாய்

மாநகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் மகள் இருந்திருந்தால் அந்த வயசு இருக்கும். தையல் கூடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு, பின்கதவுப் பூட்டைப் பிடித்து ஆட்டினாள்.

"இது எப்பவும் பூட்டியேதான் இருக்குமா சார்?"

"பூட்டு வேற எதுக்கும்மா?" என்றேன்.

புது விதியாம். மாடியில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் இரண்டு வழி விட வேண்டுமாம். வேலை நேரத்தில் இரண்டும் பூட்டாமல் இருக்க வேண்டுமாம். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டுமாம். மாதக் கடைசியில் நோட்டீஸ் வரும், அதற்குமேல் விட்டால் சீல்.

சீல். அந்த ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 5, வியாழன்

அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? ஒரு காலத்தில் கட்டுக்கட்டாகச் சட்டைகள் அந்தப் பின்படி வழியாகத்தான் இறங்கிப் போயின. திருடியது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரியாததால் எல்லார் முகத்திலும் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு பூட்டு வாங்கினேன். ஒரு சாவி என் சட்டைப் பையில். கூட வந்த இன்னொன்று வீட்டில் எங்கோ தொலைந்தது. நல்லதாகப் போயிற்று.

நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். பழைய சட்டைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து வெட்டக் கற்றவன். அப்போதெல்லாம் எந்த விதி வந்து எனக்குக் கத்தரிக்கோல் பிடித்துத் தந்தது?

மார்ச் 8, ஞாயிறு

வியாபாரிகள் சங்கக் கூட்டம். தலைவர் பாத்திரக்கடைக்காரர். புது விதியை எதிர்த்து வியாழக்கிழமை கடையடைப்பு, ஊர்வலம், மாநகராட்சி வாசலில் பொதுக்கூட்டம். "நீங்கதான் பேசணும் அண்ணே. நாங்க பேசினா கணக்குப் பார்க்கிற மாதிரி இருக்கும். நீங்க பேசினா வயிறு எரியுற மாதிரி இருக்கும்" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். "அது உங்களுக்கு எப்பவும் எரியுறதுதானே, மாத்திரையை மறக்காம எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள் என் மனைவி.

மார்ச் 11, புதன்

நாளை கடையடைப்பு. ஆனால் பள்ளிச் சீருடை வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். கூடத்தை மேற்பார்ப்பது மருமகள். "கீழே ஷட்டரைப் பாதி இறக்கிட்டு மேலே வேலையை ஓட்டு. வெளியே இருந்து பார்த்தா அடைச்ச மாதிரி இருக்கணும்" என்றேன்.

"சரி மாமா. பின்கதவு?"

"அதுக்கென்ன இப்போ?"

பின்கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேசாமலே எதிர்த்துப் பேசுகிற வித்தை இவளிடம்தான் இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

எழுதாமல் சும்மா உட்கார முடியவில்லை.

மேடையில் நன்றாகத்தான் பேசினேன். "என் கதவு, என் பூட்டு. உள்ளே இருக்கிறதெல்லாம் என் பிள்ளைங்க. அவங்களைப் பார்த்துக்க எனக்குத் தெரியாதா?" கைதட்டல். அந்த வேகத்தில் பையிலிருந்து சாவியை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். இன்னும் கைதட்டல்.

தூக்கிய கையை அப்போதுதான் பார்த்தேன். சாவி இங்கே. பிள்ளைகள் அங்கே.

நான் கூடத்தில் இல்லாமல் வேலை ஓடிய நாளே கிடையாது. அதனால்தானே — அதனால்தானே இது எனக்குத் தோன்றவே இல்லை?

இறங்கிவிட்டேன். மருமகளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. வண்டி எதுவும் நகரவில்லை, தெருவை அடைத்து நின்றது எங்கள் ஊர்வலமேதான். இடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். "என்ன அண்ணே, பாதியிலேயே?" என்று யாரோ சிரித்தான்.

தெரு முனையிலேயே புகை வாடை. மாடியின் முன்ஜன்னலில் கறுப்பாக வந்துகொண்டிருந்தது. முன்படி ஏறியதும் இருக்கிற இஸ்திரி மேசை, அதன் சுவிட்ச்போர்டு. பக்கத்தில் துணிக்கட்டு. முன்வழி போயிற்று.

சாவியை நீட்டிப் பிடித்துக்கொண்டே பின்சந்துக்கு ஓடினேன். எல்லாரும் அங்கே நின்றிருந்தார்கள். இருமிக்கொண்டு, செருப்பில்லாமல். மருமகள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் கையில் என் பூட்டு. பூட்டில் ஒரு சாவி.

"எல்லாரும் வந்தாச்சு மாமா" என்றாள்.

"அந்தச் சாவி ஏது?" இதைத்தான் கேட்டேன். யாருக்காவது அடிபட்டதா என்றுகூடக் கேட்கவில்லை.

"பட்டன் டப்பாவில இருக்கும். நான் கல்யாணமாகி வந்த புதுசுல அத்தை குடுத்தாங்க."

மார்ச் 13, வெள்ளி

நெருப்பு இஸ்திரி மேசையோடும் துணிக்கட்டோடும் அணைந்துவிட்டது. மனைவியிடம் கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. "சொன்னா வாங்கி வச்சிருப்பீங்க" என்றாள். அடுப்பை விட்டுத் திரும்பக்கூட இல்லை.

சாவி அங்கே இருப்பது கூடத்தில் எல்லாருக்கும் தெரியுமாம். இத்தனை வருஷம் யார் வேண்டுமானாலும் அந்தக் கதவைத் திறந்திருக்கலாம். ஒரு சட்டை குறையவில்லை. எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார் மேல்?

மார்ச் 16, திங்கள்

தலைவர் வீடு தேடி வந்தார். "புகை விஷயம் வெளியே போக வேண்டாம் அண்ணே. நாமே அவங்க கையில கத்தியைக் குடுத்த மாதிரி ஆயிடும். யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"ஆகலை. அதனாலதான் உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டு இருக்கோம்" என்றேன்.

அடுத்த கூட்டத்திலும் நான்தான் பேச வேண்டுமாம். முழங்கால் வலி என்றேன். பொய்யில்லை.

மார்ச் 19, வியாழன்

எங்கே போனாலும் மூக்கில் அந்த வாடை. இஸ்திரியை அணைத்தாயா, அணைத்தாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். "பிளக்கைக் கழட்டித் தர்றேன் மாமா, பையில போட்டுக்கங்க. சாவி இருந்த இடம் காலியாத்தானே இருக்கு" என்கிறாள் மருமகள்.

மார்ச் 30, திங்கள்

அந்த மாநகராட்சிப் பெண் நோட்டீஸோடு வந்தாள். கதவைத் தள்ளிப் பார்த்தாள். வெளிப்பக்கமாகத் திறந்தது. பூட்டு இல்லை. தச்சர் போன வாரமே முடித்துவிட்டார்.

"நல்லா எழுதிக்கோம்மா. நோட்டீஸ் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே செஞ்சாச்சு. உன் விதிக்காக இல்லை."

"வேற எதுக்குன்னு எழுதட்டும் சார்?"

யோசித்தேன். "காத்துக்குன்னு எழுது."

மருமகள் சட்டென்று குனிந்து பட்டன் டப்பாவில் எதையோ துழாவ ஆரம்பித்தாள். தோள் குலுங்கியது. குலுங்கட்டும். எங்களைக் கேட்காமல் போட்ட விதி தப்புதான், எந்த மேடையிலும் சொல்வேன்.

போகிறவர் வருகிறவரைப் பார்க்க என் நாற்காலியை அந்தக் கதவருகே போட்டிருக்கிறேன். "வழியில இருக்கு சார்" என்றாள் அந்தப் பெண். ஒரு சாண் நகர்த்தினேன்.

சாயங்காலம் பட்டன் தைக்கிற பெண் ஒரு பெரிய பையோடு அந்த வழியாகக் கிளம்பினாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். பையில் என்ன என்று நாக்கு நுனி வரை வந்தது.

அவள் தாண்டிப் போவதற்காகக் காலை மடக்கிக்கொண்டேன்.